பாலத்திலிருந்து வீசிய மல்லாட்டைப் பொட்டலம்

உயரத்துக்கு முன்னால் மைனஸ் குறி போடுவது எனக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. பதினைந்து மீட்டர் உயரம் என்றால் பதினைந்து மீட்டர் உயரம்தான். அதற்கு முன்னால் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு, இப்போது இது மைனஸ் பதினைந்து என்று சொன்னால் என்ன நியாயம்? பதினோராம் வகுப்பில் படிக்கும்போது தோன்றிய கேள்வி இது. எம்.எஸ்ஸி. முடித்து, பி.எட். முடித்து, விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருஷம் அதே பாடத்தை நடத்திய பிறகும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

எறிபொருள் இயக்கம் என்ற பாடத்தில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. ஒன்று, தரையில் இருக்கும் பந்தை உதைக்கிறோம், அது மேலே போய் வளைந்து அதே தரைக்கு வருகிறது. அதற்குச் சூத்திரம் இருக்கிறது. எண்களைப் போட்டால் விடை கையில். இன்னொன்று, மாடியிலோ பாலத்திலோ நின்றுகொண்டு மேல்நோக்கி ஒன்றை வீசுகிறோம், அது கீழே போய் விழுகிறது. இங்கே அந்தச் சூத்திரம் செல்லாது. வீசிய கையில் சைபர் வைத்துக்கொண்டு, கைக்கு மேலே பிளஸ், கைக்குக் கீழே மைனஸ் என்று போட்டுப் போக வேண்டும். அந்த மைனஸைத்தான் கரும்பலகை முன்னால் நிற்கும்போது நான் பாதி நேரம் மறந்துவிடுவேன்.

அதனால் என் வகுப்பில் இரண்டாவது வகைக் கணக்குகள் எப்போதும் வீட்டுப்பாடம். மறுநாள் நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, "நீ போடும்மா, மத்தவங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றுவிடுவேன். அவள் சரியாக முடித்தால் தலையை ஆட்டுவேன். எட்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். வெட்கக்கேடுதான், இல்லையென்று சொல்லவில்லை.

இதை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருத்தியிடம்.

அவளும் எங்கள் பள்ளியில் இயற்பியல்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நானும் அவளும் திண்டிவனத்துக்காரர்கள் என்பதால், காலை பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் ஏறி, விழுப்புரம் வரை ஒன்றாகப் போவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த ஜன்னல் ஓர சீட்டு எங்கள் இரண்டு பேருடையதும். பள்ளிக்குள் நான் அவளுக்கு 'மிஸ்'. ரயில் ஏறினால் 'அக்கா'. வழியில் கூடையோடு ஏறும் அம்மாவிடம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கி, இருவரும் உரித்துத் தின்றுகொண்டே போவோம். மயிலத்தில் ஆரம்பித்தால் முண்டியம்பாக்கம் தாண்டும்போது வெறும் தாள்தான் மிஞ்சும்.

ஒரு சாயங்காலம், எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தபோது, என் மைனஸ் கதையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"இதுக்கா எட்டு வருஷமா பயந்துக்கினு கீறீங்க? நான் சொல்றத செய்ங்க. பலகைகிட்ட போன ஒடனே மேல் மூலையில மேல பாத்த மாதிரி ஒரு அம்பு போடுங்க. தலைகிட்ட பிளஸ், வாலுகிட்ட மைனஸ். கணக்கு எதுவா இருந்தாலும் சரி, மொதல்ல அம்பு. அப்பறம் அதப் பாத்துக்கினே போடுங்க, தப்பே வராது."

அதோடு அங்கேயே ஒரு கணக்கும் செய்து கொடுத்தாள். பதினைந்து மீட்டர் உயரமுள்ள ரயில்வே பாலத்தின் மேல் நின்று ஒரு பெண் மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் மேல்நோக்கி வீசுகிறாள். மேல்நோக்கிய வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர், முன்னோக்கிய வேகமும் பத்து மீட்டர். பொட்டலம் எத்தனை வினாடியில், எவ்வளவு தூரத்தில் தரையில் விழும்?

நான் அம்பு போட்டேன். தரை கைக்குக் கீழே பதினைந்து மீட்டர், ஆக மைனஸ் பதினைந்து. மூன்று வினாடி என்று வந்தது. மூன்று வினாடியில் முப்பது மீட்டர். நாற்பது வயதில், ஆடுகிற ரயிலில், மடியில் மல்லாட்டைத் தோலோடு, முதல்முறையாக அந்த மாதிரிக் கணக்கைத் தப்பில்லாமல் நானே போட்டு முடித்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இவள் எனக்குக் கூடப்பிறக்காத தங்கை என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

அடுத்த வருஷம் பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் குறைகிறார்கள், இரண்டு பிரிவை ஒன்றாக்கப் போகிறோம், இயற்பியலுக்கு ஒருவர் போதும் என்று பிப்ரவரியில் தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். யார் என்பதை அவர் முடிவு செய்யப் போவதில்லையாம், வகுப்பு முடிவு செய்யுமாம். இருவரும் ஆளுக்கொரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். பாடத்துக்குச் சீட்டு போட்டுக் குலுக்கினார். அவளுக்கு வெக்டர் வந்தது. எனக்கு வேறு எது வரும்? எறிபொருள் இயக்கம்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டியவளைப் புதிதாக எந்தப் பள்ளியும் மேல்நிலை வகுப்புக்கு எடுக்காது. எடுத்தாலும் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்து என்று அனுப்பும். காந்தம் இரும்பை இழுக்கும், இலைக்குப் பச்சையம் உண்டு. படித்த படிப்பு அதோடு முடிந்தது. அவளுக்கு முப்பதுதான். எங்கே போனாலும் கிடைக்கும். ஆனாலும் அவளுக்கும் வேலை வேண்டும்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று ரயிலில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "யாரு போனாலும் நமக்குள்ள ஒண்ணும் வரக்கூடாதுக்கா. சீட்டு கீட்டு ஒண்ணும் வேணாம். நேரா போவோம், நேரா வருவோம்."

சீட்டு என்று அவள் சொன்னது வேறு சீட்டு. எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து யாராவது வகுப்பைப் பார்க்க வருகிறார்கள் என்றால், முந்தின நாளே இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கேள்வி எழுதின சீட்டைக் கொடுத்து வைப்போம். வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் எழுந்து கேட்பார்கள். டீச்சர் யோசிப்பது போல் ஒரு கணம் நின்றுவிட்டு, பிரமாதமாகப் பதில் சொல்வார். வந்தவருக்குச் சந்தோஷம், டீச்சருக்கும் சந்தோஷம். அவள் புதிதாக வந்த வருஷம் அவளுக்காக நானே அப்படிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், என்ன கேள்வி என்று அவளிடமும் முன்கூட்டியே சொல்லி. அந்த வித்தை இந்த முறை வேண்டாம் என்று அவள் சொன்னபோது, எவ்வளவு நேர்மையான பெண் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் காலையும் மாலையும் அவள் எனக்குக் கணக்கு கொடுத்துக்கொண்டே வந்தாள். மாடியிலிருந்து வீசு, மரத்திலிருந்து வீசு, பாலத்திலிருந்து வீசு. ஒவ்வொரு தடவையும், "அம்பு எங்கக்கா?" என்பாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு மூலையில் அம்பு போடுவேன். "அம்பு போடலன்னா நீங்க காலி" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு முதல் வகுப்பு என்னுடையது. தாளாளர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிரின்சிபால். கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே, அவள். சாக்பீஸை எடுத்தேன். தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம் என்று, பந்தை உதைக்கிற கணக்கிலிருந்து தொடங்கினேன். அதற்குப் பிளஸும் வேண்டாம் மைனஸும் வேண்டாம். பாதையை வளைவாக வரைந்தேன், உச்சியைக் குறித்தேன், கிடைத்தளத்தில் வேகம் மாறாது, செங்குத்தில் மட்டும்தான் மாறும் என்று நன்றாகவே சொன்னேன். பிரின்சிபால் தலையை ஆட்டினார். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவள் பலகையின் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையில் எனக்குத் தெம்பு வந்தது.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். நன்றாகப் படிக்கிறவள், வகுப்பில் கேள்வி கேட்கவே மாட்டாள்.

"மிஸ், ஒரு டவுட். பதினஞ்சு மீட்டர் ஒசரத்துல ஒரு ரயில்வே பாலம். அதும்மேல நின்னுக்கினு ஒரு லேடி மல்லாட்டை பொட்டலம் ஒண்ண வீசுறாங்க..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தாளாளரும் சிரித்தார். மல்லாட்டைப் பொட்டலம் வீசுகிற கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை, எந்த கைடிலும் இல்லை. அது பிறந்தது மயிலத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், இரண்டே பேர் மடியில் வைத்திருந்த ஒரே நோட்டில். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

மாணவி எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே போனேன். என்ன எழுதுகிறேன் என்பதில் மனமே இல்லை. ஏன் இதைக் கொடுத்தாள், என்னிடம் ஏன் சொல்லவில்லை, இது உதவியா, என்னது இது என்று அதுவே ஓடியது. கை மட்டும் தன் பழைய வழக்கப்படி உயரம் பதினைந்து என்று எழுதியது. பிளஸ் பதினைந்து. அதை வைத்துச் சமன்பாட்டைத் தீர்க்கப் போனால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எட்டு வந்து நின்றது. மைனஸுக்கு ஏது வர்க்கமூலம்? அதற்குமேல் ஓர் அடி நகர முடியாது. அழித்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் மைனஸ் எட்டு. என் கணக்குப்படி அந்தப் பொட்டலம் தரைக்கு வரவே வராது.

வகுப்பு முழுக்கப் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. பிள்ளைகள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. தாளாளருக்கு இயற்பியல் தெரியாது, ஆனால் ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க இயற்பியல் தேவையில்லை. அவர் பின்னால் திரும்பினார். "மேடம், நீங்க வந்து கொஞ்சம் பாருங்க."

"எனக்கும் டவுட்டா கீது சார், மிஸ்ஸே பாக்கட்டும்" என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் தயங்கியிருக்கலாம். அவள் எழுந்து, பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு நேராக வந்தாள். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். பலகையின் மேல் மூலையில் அம்பு போட்டாள். தலைப்பக்கம் பிளஸ், வால்பக்கம் மைனஸ்.

"மிஸ் போட்டதும் ஒரு கணக்குதான்," என்று பிள்ளைகளிடம் இனிமையாகச் சொன்னாள். "ஆனா அது பொட்டலம் கைக்கு மேல பதினஞ்சு மீட்டர் எப்பப் போகும்னு கேக்குற கணக்கு. அது கைக்கு மேல அஞ்சு மீட்டர்தான் போகும். போகாத எடத்துக்கு எப்பப் போகும்னு கேட்டா விடை எப்படி வரும்? தரை கைக்குக் கீழ கீது. அப்ப மைனஸ்." இரண்டு நிமிஷத்தில் மூன்று வினாடி, முப்பது மீட்டர் என்று கட்டம் கட்டி முடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பலகை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன். எட்டு வருஷமாக நின்று பழகிய இடம்தானே.

அன்று சாயங்காலம் வேறு பெட்டியில் ஏறினேன். விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது இறங்கி என்னைத் தேடி வந்துவிட்டாள். கையில் மல்லாட்டை. கண் கலங்கியிருந்தது.

"அக்கா, சத்தியமா சொல்றேன், உங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னுதான் அந்தக் கணக்க குடுத்தேன். ஒரு வாரமா நீங்க போட்ட கணக்குதானே. கண்ண மூடிக்கினு போட்டுடுவீங்க, அவங்க அசந்துடுவாங்கன்னு நெனச்சேன். முன்னாடியே சொன்னா நீங்க வேணாம்பீங்க. இப்படி ஆவும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? எனக்கே பேஜாரா கீது."

"அப்ப எதுக்கு எழுந்து வந்த?"

"சார் கூப்டாரே. வரமாட்டேன்னு எப்படிக்கா சொல்றது?"

அவள் நீட்டிய பொட்டலத்தை நான் வாங்கவில்லை. திண்டிவனம் வரைக்கும் அது எங்கள் இருவருக்கும் நடுவில் சீட்டில் கிடந்தது.

வேலை அவளுக்குத்தான் என்று உங்களுக்கே தெரியும். மே மாதம் எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். இரண்டு மாதம் அலைந்ததில் திண்டிவனத்திலேயே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பு, அறிவியல். நான் சொன்னேனே, காந்தம், பச்சையம்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அவளை முழுசாக வெறுக்கவில்லை, வெறுக்க முடியவில்லை. ஆத்திரம் வரும்போதெல்லாம் இன்னொரு நினைப்பும் கூடவே வந்து குறுக்கே நிற்கும். அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? எனக்கு நல்லது செய்யப்போய்த்தான் அப்படி ஆனது என்றால்? கணக்கு எனக்குத் தெரிந்த கணக்குதானே. அம்பு போட மறந்தது நான்தானே. அவளைத் திட்ட உட்கார்ந்தால் கடைசியில் என்னையே திட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். வீட்டில் கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன், என் தப்புதான் என்று. கிட்டத்தட்ட மூன்று வருஷம் அப்படிப் போனது.

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாக விழுப்புரம் போய்விட்டுச் சாயங்கால வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று எழுந்து நின்றாள், வகுப்பில் எழுந்து நிற்பது போல. மூன்றாவது பெஞ்ச் மாணவி. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், அதுவும் இயற்பியல். உட்கார வைத்தேன். படிப்பைப் பற்றிப் பேசினாள், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். மல்லாட்டைக்கார அம்மா பெட்டிக்குள் வந்ததும் அவள் முகம் மாறியது.

"மிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தக் கணக்க கேட்டதுக்கு எனக்கு இன்னும் கஷ்டமா கீது மிஸ். சீட்டுல எழுதி எங்கிட்ட குடுத்தது இன்னொரு பிசிக்ஸ் மிஸ்தான். நானா கேக்கல."

"தெரியும்மா. அவங்க எனக்கு உதவி பண்ணத்தான் குடுத்தாங்களாம். சொன்னாங்க."

அவள் புரியாமல் பார்த்தாள். "உதவியா? அப்ப எதுக்கு மிஸ் எங்கிட்ட அப்படிச் சொன்னாங்க?"

"எப்படி?"

"பலகை மேல் மூலையில மிஸ் அம்பு போடுறாங்களான்னு பாரு, போட்டுட்டா கேக்காத, சீட்டக் கிழிச்சுப் போட்டுடு. அம்பு போடலன்னா மட்டும் எழுந்து கேளுன்னு சொன்னாங்க. நீங்க போடல மிஸ். அதான் கேட்டேன். அது எதுக்குன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல."

வண்டி மயிலத்தில் நின்று கிளம்பியது. வாரம் முழுக்க, "அம்பு எங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூலையைப் பார்த்தவள். அந்தப் புன்னகை. எதிரி செய்திருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன். என் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவள், அந்தக் கை எங்கே வழுக்கும் என்று அளந்து வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறாள். நானோ மூன்று வருஷம் அவள் பங்குக்கும் சேர்த்து என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திண்டிவனம் வந்தது. இறங்கும்போது அந்தப் பெண் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"அவங்க இன்னும் நம்ம ஸ்கூல்லதான் கீறாங்க மிஸ். என் தங்கச்சிக்கு அவங்கதான் பிசிக்ஸ் எடுக்கறாங்க. நீங்க கேட்டீங்கன்னு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா," என்றேன். "மிஸ் இப்ப ஆறாங்கிளாஸ் எடுக்கறாங்க, அம்பு போடற பாடமே மிஸ்ஸுக்கு இல்லன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு, அவங்களுக்குப் புரியும்."